கவர்னர் துரை கையில் கொடுக்க வேண்டிய மனு

ரங்கூன்,
அட்சய வருஷம் ஆவணி 12

கண்ணான மகள் கனகாம்பாளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உனக்கும் குழந்தைக்கும் முருகன் துணை.

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. கரும்பாலைக் கலவரத்தில் கங்காணி செத்ததற்கு மாப்பிள்ளை இராமையாவுக்குத் தூக்கு என்று கேட்டதும் உன் அம்மா அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள், அன்றிலிருந்து கஞ்சிகூட இறங்கவில்லை. அடிதடியை விலக்கப் போனவர் என்று நீ எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். உடனே கப்பலேறலாமென்று ஓடினேன், உங்கள் தீவுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்க இரண்டு மாதமாகும் என்கிறார்கள், நீயோ அடுத்த மாதக் கடைசியில் கவர்னர் கருணை மனுவைப் பார்ப்பார் என்கிறாய். அந்தக் கவர்னர் பெயரை இரண்டு தடவை திரும்பப் படித்தேன். ஹார்ட்லி துரையை எனக்குத் தெரியும் அம்மா. முப்பது வருஷத்துக்கு முன் மலைப் பீரங்கிப் படையில் நான் கோவேறு கழுதை ஓட்டினேன், அவர் அப்போதுதான் வந்த சின்ன லெப்டினன்ட். ஒரு நாள் காலை மூடுபனியில் பீரங்கி சுட வேண்டிய தூரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார், குண்டு நம் சுமைகூலிகள் நடுவில் விழுந்து மூன்று பேர் போனார்கள். அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான், விசாரணையில் துரை முகம் வெளுத்து என்னையே பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயத்தில் நானாகவே, துரை சரியாகத்தான் சொன்னார், சுட்ட இப்ராஹிம் பாய்தான் குறியை மாற்றினார் என்று சொல்லிவிட்டேன். பாய்க்கு ஒரு வருஷம் ஜெயில். துரை கேப்டன், மேஜர் என்று ஏறி, பெரிய சண்டையில் கர்னலாகி, இன்று ஒரு தீவையே ஆள்கிறார். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நேற்று சம்பான் படகு ஏறி ஆற்றுக்கு அக்கரை டாலாவுக்குப் போனேன். பாய் அங்கே படகுகளுக்குத் தார் பூசிப் பிழைக்கிறார். காலில் விழுந்து எல்லாம் சொன்னேன். தார்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒம் மருமவன் கழுத்துல கயிறு விழுந்தப்பதான் எம் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றார். உண்மைதானே. நீங்கள் சாட்சியாகக் கைநாட்டு வைத்தால் துரையை மிரட்டலாம் என்றேன். "பயந்தவன் என்ன செய்வான்னு ஒனக்குத் தெரியாதா? நீ என்ன செஞ்சே? மிரட்டாத, கேளு. குத்தம் செய்யாம ஜெயில்ல கெடந்தவனும் சேந்து கேக்குறான்னு எழுது" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினார். நான் அழுதுவிட்டேன்.

வக்கீல் குமாஸ்தா ராஜரத்தினம் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார், இத்துடன் வைத்திருக்கிறேன். பொய் சொன்னவன் நான் என்பதுதான் அதில் முதல் வரி. ஆபீஸ் குமாஸ்தாவிடம் கொடுத்துவிடாதே, வாசலிலேயே நின்றாவது துரை கையில் கொடு. பீரங்கிச் சத்தத்தில் அவருக்கு இடது காது அப்போதே மந்தம், வலது பக்கம் நின்று அப்பாசாமி மகள் என்று உரக்கச் சொல். அவர் மறுத்தாலும் தாளைத் திரும்ப வாங்காதே, அவரிடமே இருக்கட்டும். மாப்பிள்ளை தப்பினாலும் சரி, இல்லாவிட்டாலும்... அந்தப் பேச்சை எழுதவே பயமாயிருக்கிறது, எப்படியானாலும் வருகிற மாதம் பாயோடு பட்டாள ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். பென்ஷன் போகட்டும்.

குழந்தைக்குப் பால் குறையாமல் நீ சாப்பிடு. மாப்பிள்ளையைப் பார்க்க விட்டால், அவருக்காக இங்கே ஒரு பெரியவர் ஐந்து வேளையும் துவா கேட்கிறார் என்று சொல். நீ தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும் தாயே.

உன் அப்பா,
அப்பாசாமி