மச்சானுக்கு வந்த துரைமார் வியாதி

22 பிப்ரவரி 1956, புதன்

இனி இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, தம்பின் டவுனைச் சுற்றியுள்ள பத்து ரப்பர் தோட்டங்களும் போற்றும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டியாகிய நான் பயபக்தியுடன் உறுதி கூறுகிறேன்.

என் தங்கை பஞ்சாலையின் புருஷன், பால்மரம் வெட்டும் மணியம், ஒரே நாளில் பெரிய மனிதன் ஆகிவிட்டான். கண் இமையில் இரண்டு மஞ்சள் கட்டி. விரல் முட்டிகளில் நான்கு. குதிகால் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறது. கத்தி பிடித்த காய்ப்பு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செரம்பானிலிருந்து வரும் டாக்டர் சிவசிதம்பரம் நேற்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாராம். கொலஸ்ட்ரால்! ரத்தத்தில் கொழுப்பு! துரைமார்களுக்கு வருவதாம்.

எனக்கு இதுவரை வந்த ஒரே வியாதி சொறி.

26 பிப்ரவரி

சோறு, வழக்கம்போல, பொதுக் குசினியில் வெந்து அளந்து வந்தது. காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதல்லவா? கறி மட்டும் பஞ்சாலை கையால். ஒண்டிக்கட்டை நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். "அவருக்குத் தேங்காப்பால் ஆகாதாம்ணே. நெய் ஆகாதாம்." அவனுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. என் தட்டில் என்ன விழுந்தது என்று அவள் பார்க்கவேயில்லை.

2 மார்ச்

பஞ்சாலையின் மகள் நீலாவுக்கு, நான் முதலையின் முதுகில் லிங்கி ஆற்றைக் கடந்த கதையை ஆரம்பித்தேன். "சும்மா இருங்க மாமா, அப்பா தூங்குறாரு" என்றாள். எட்டு வயது. தாங்கவில்லை.

4 மார்ச்

கோயில் கூட்டத்தில் மணியத்துக்கு நாற்காலி. மண்டோருக்குப் பெஞ்சு. மணியத்தோடு மரம் வெட்டும் ராமசாமி சிரிக்கிறான்: "ஒங்களுக்கெல்லாம் சளிதான் லா மண்டோரே வரும். மச்சானைப் பாருங்க, இங்கிலீசு வியாதி!"

நானும் வைத்திருப்பேனடா கொழுப்பு.

6 மார்ச், செவ்வாய்

வெற்றி!

ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிலர் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர். வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். வருவேனா? விடியற்காலை ஆள் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் பஞ்சாலையின் நெய்ப் புட்டி முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன். பதினொரு மணிக்குக் கை நீட்டினேன்.

மணியத்திடம் மட்டும் ஏதேதோ கேட்டார். "உம்மட அப்பா எத்தனை வயசில செத்தவர்?" "முப்பத்தாறுங்க. மரத்தடியில உக்காந்தவரு எந்திரிக்கல. பேய் அடிச்சிருச்சின்னாங்க." இவனுக்கு இப்போது முப்பத்தைந்து.

இரண்டு மணி நேரம் கழித்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் குழாய்களை வரிசையாக நிறுத்தினார். ரத்தம் கீழே உறைந்து, மேலே நீர் தெளிந்திருந்தது. மணியத்தின் குழாயில் மழைத் தண்ணீர் மாதிரி. என்னுடையதில் பால்! கெட்டிப் பால்! கூட்டமே வாயைப் பிளந்தது. டாக்டருக்குக் கோபம். "என்ன ஐசே குடிச்சனீர்?" என்று கத்தினார். வாசலில் அவருக்குக் காவலாக வந்த எஸ்கார்ட் வண்டி ஹார்ன் அடித்தது, விளக்கம் சொல்ல நேரமில்லை. ஒரு கடிதத்தை என் கையில் திணித்தார். "துரையிட்டக் குடும். மணியத்தை இனி மேட்டு மர நிரைக்கு விடாதையும்."

மழைத் தண்ணீர் ரத்தக்காரனுக்குச் சமநிலத்து நிரையா? எல்லாம் நடிப்பு. நாளைக்குக் கொடுத்தால் போதும்.

12 மார்ச்

துரைக்கு ஆயிரம் வேலை. என்ன அவசரம்.

17 மார்ச், சனி

மணியம் மேட்டில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வாளிப் பாலும் சரிந்து ஓடியது. திட்டத்தான் போனேன் — வாளியைக் கவுத்திட்டியேடா என்று. வேர்வை. சட்டையைப் பிழியலாம். "நெஞ்சு மேல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு மச்சான்..." முகம் சாம்பல்.

தோளில் போட்டு இறங்கினேன். கேட்டில் காவல்காரன் எங்களையும் தடவிப் பார்த்தான், அரிசி இருக்கிறதா என்று. டேய், ஆள் சாகுறான்டா! எஸ்கார்ட் இல்லாமல் லாரி போகக் கூடாதாம். முக்கால் மணி நேரம். அவன் தலை என் மடியில். பஞ்சாலை ஓடி வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

20 மார்ச்

உயிர் இருக்கிறது. செரம்பானில் படுக்கை. அசையக் கூடாது.

டாக்டர் வந்தார். கொலஸ்ட்ரால் எனக்கு நூற்று ஐம்பத்தெட்டாம், அவனுக்கு நானூற்று எழுபது. அவரே சொன்னார்: "கொழுப்பு ரத்தத்தில தனியா ஓடாது. புரதம் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகும். நெய் குடிச்சால் பெரிய மூட்டை. பால் மாதிரித் தெரியும், பின்னேரத்துக்குள்ள கரைஞ்சிடும். மணியத்தின்ரது சின்ன மூட்டை. கண்ணுக்குத் தெரியாது, தண்ணி தெளிவாத்தான் இருக்கும். ஆனால் போகாது. வருசக்கணக்கா ரத்தக் குழாய்ச் சுவரில படிஞ்சு படிஞ்சு, ஒருநாள் அடைச்சுப்போடும். தகப்பனைக் கொண்டுபோனது பேயில்லை, இதுதான்." பிறகு கேட்டார்: "கடிதம் குடுத்தனீரோ?"

"குடுத்தேங்க" என்றேன்.

29 ஏப்ரல், ஞாயிறு

நேற்று மணியம் வீடு வந்தான். நாளை முதல் ஸ்டோரில் உட்கார்ந்த வேலை. துரையிடம் நானே போய் நின்று கேட்டேன்.

பஞ்சாலை பரிமாறிக்கொண்டே துரையைச் சபித்தாள். "காயிதத்தைப் படிச்சிட்டும் மேட்டுக்கு அனுப்பினானே, பாவி! அவன் வெளங்குவானா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மணியம் முட்டையைப் பிளந்து மஞ்சள் கருவை என் தட்டில் தள்ளினான். "நீங்க சாப்பிடுங்க மச்சான். ஒங்களது நல்ல ரத்தம்னு டாக்டரே சொல்லிட்டாரு." அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் விழுங்கியிருப்பேன்.

பத்துத் தோட்டம் என்னைப் போற்றுவது பொய். லிங்கி ஆற்றில் முதலை மேல் ஏறியதும் பொய். நெய் புட்டி முழுவதும் இல்லை, நாலு கரண்டி. மணியத்தைத் தூக்கியதும் நான் ஒருவன் இல்லை. கால் பக்கம் ராமசாமி பிடித்தான்.

அந்தக் கடிதம் பதினொரு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. அது மட்டும் உண்மை.