மூக்கு வண்டியில் நாற்பது நாள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உடம்புக்கு என்று எழுதியிருப்பதைக் கவனி. போன ஞாயிற்றுக்கிழமை போனில், பின்னால என்னம்மா அவ்வளவு சத்தம் என்று கேட்டாய், பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீடே இப்போது இல்லை. நம் வீடும் இல்லை. நீ கேட்டது அப்பா வேலை பார்க்கும் வண்டி கட்டுகிற பட்டறையில் தகரம் அறுக்கும் சத்தம். நாற்பது நாளாக நாங்கள் பட்டறை முற்றத்தில் ஒரு வண்டிக்குள் குடியிருக்கிறோம். போனில் சொன்னால் என் குரல் சாதாரணமாக இருப்பதைக் கேட்டே நீ பயந்துபோவாய், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

நம் வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு மாடி கட்டப் போகிறோம் என்று பள்ளம் தோண்டினார்கள் அல்லவா, அந்தப் பள்ளத்தின் கரை மழையில் சரிந்துவிட்டது. முதல் நாள் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல், மறுநாள் காலையில் என் கையே நுழைந்தது. நகராட்சி என்ஜினியர் வந்தார், உள்ளேகூட வரவில்லை, வாசலில் நின்றபடியே, அம்மா, இந்த வரிசையில நாலு வீட்டையும் இடிச்சாகணும், ரெண்டு நாள்ல எடுக்கறதை எடுத்துக்குங்க என்றார். நான் அவரிடம், காப்பி சாப்பிடறீங்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பீரோ, கிரைண்டர், உங்கள் இருவரின் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்தாயிற்று. உன் புத்தகங்களை மூன்று சாக்கில் கட்டிச் சித்தி வீட்டு மாடியில் போட்டிருக்கிறேன், அலமாரி சுவரோடு பதித்தது, அது போய்விட்டது. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு இயந்திரம் வந்தது, ஒன்றரைக்குள் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் பெருக்கித் துடைத்த வீடு. எனக்கு அழுகை வரவில்லை, மதியத்துக்கு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன். அப்பா இயந்திரக்காரரிடம் போய் அந்த இயந்திரத்தின் எடையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வக்கீல் வைத்திருக்கிறோம், அது நடக்கும்போது நடக்கட்டும்.

ஆறு நாள் சித்தி வீட்டில் இருந்தோம். அவள் தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டாள், ஆனால் வருகிறவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்ட, அப்பா எழுந்து போய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். உன் அண்ணன் வந்து, என்னோட வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தான், அப்பா பட்டறையை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லாதே என்று அண்ணன் வாயை அடைத்ததும் நான்தான், அவனைத் திட்டாதே. பிறகு பட்டறை முதலாளியே அப்பாவைக் கூப்பிட்டு, மேஸ்திரி, கண் டாக்டர் வண்டி சும்மாதானே நிக்குது, அவர்கிட்ட கேட்டுட்டேன், வீடு கிடைக்கிற வரைக்கும் அதுல இருங்க என்று சாவியைக் கொடுத்தார். கண் டாக்டர் ஓய்வு பெற்றதும் மனைவியோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டச் சொன்ன வண்டி. கட்டி முடிக்கும் நேரத்தில் அவர் காலை உடைத்துக்கொண்டார், வண்டி அப்படியே நின்றது.

அதற்குப் பட்டறையில் மூக்கு வண்டி என்று பெயர். டிரைவர் தலைக்கு மேல் கூரை மூக்கு மாதிரி முன்னால் நீண்டிருக்கும், அதற்குள் ஒரு படுக்கை. என் முட்டி ஏற விடாது என்று நாங்கள் கீழே சாப்பாட்டு மேஜையை மடக்கிப் படுத்துக்கொள்கிறோம். இரண்டு பர்னர் அடுப்பு, பாத்திரம் கழுவ என் உள்ளங்கை அகலத்தில் ஒரு தொட்டி, மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பும் தண்ணீர் டேங்க். ஓடும்போது கொட்டாமல் இருக்க எல்லா இழுப்பறைக்கும் கொக்கி உண்டு, ஒரு ஸ்பூன் எடுக்கக்கூட அமுக்கி இழுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நகத்தை உடைத்துக்கொண்டேன். இப்போது பழகிவிட்டது. எல்லாம் பழகிவிட்டது, அதுதான் எனக்கே பிடிபடவில்லை.

அப்பா வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறார். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் வாயைத் திறக்காத மனுஷன், இப்போது டீக்கடைக்காரர், வக்கீல், நான், யார் கிடைத்தாலும் விடுவதில்லை. நூற்றுநாற்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஓய்வுபெற்ற கப்பற்படை டாக்டர் ஒருவர் குதிரை பூட்டிய வீட்டில் சும்மா ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாராம், பிழைப்புக்கு இல்லாமல் உல்லாசத்துக்கென்று செய்ததில் அது முதல் வரிசையாம். கார் வந்ததும் ஜனங்கள் அதன் பின்னால் கூடாரப் பெட்டியைக் கட்டி இழுத்தார்களாம், பிறகு மரம், பிறகு அலுமினியம். அப்புறம் ஒரு பஞ்ச காலத்தில் வேலையும் வீடும் போனவர்கள் அந்த உல்லாச வண்டிகளிலேயே குடியேறிவிட்டார்களாம். இந்த இடம் வந்தால் மட்டும் அப்பா வேகமாகத் தாண்டிப் போய்விடுவார், உடனே இந்தக் காலத்து வகைகளை ஆரம்பித்துவிடுவார். பஸ் அளவுக்கு ஒன்று, நிறுத்தியதும் சுவரே வெளியே தள்ளி ஹால் பெரிதாகுமாம். வேனுக்குள்ளேயே கட்டுவது ஒன்று, கூரையைக் குடை மாதிரி தூக்கலாம். சின்ன லாரியின் முதுகில் ஏற்றி இறக்கும் பெட்டி ஒன்று. லாரியின் பின் சக்கரங்களுக்கு மேல் கழுத்தைச் சாய்த்து, லாரி இழுத்துப் போகும் நீள வண்டி ஒன்று. இரண்டு பேர் படுக்க மட்டும் இடம் உள்ள குட்டிப் பெட்டி ஒன்று, அதன் உருவத்தைப் பார்த்துக் கண்ணீர்த்துளி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அந்தப் பெயரைக் கேட்டும் எனக்கு ஒன்றும் வரவில்லை, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், சரி என்றேன்.

போன வாரம் கண் டாக்டர் கைத்தடி இல்லாமல் நடந்து வந்தார். எங்களைப் பார்த்து அவர்தான் கூச்சப்பட்டார், அவசரமில்லை, நீங்க இருங்க என்றார். அப்பா, இல்லீங்க, திங்கட்கிழமை ஓட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார். ஒப்படைக்கும் முன் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது பட்டறை வழக்கம். வியாழக்கிழமை காலையில் அப்பா, நீயும் வர்றியா என்று கேட்டார். முப்பது வருஷமாக அவர் கட்டிய வண்டி ஒன்றில்கூட நான் ஏறிப் போனதில்லை. அணைக்கட்டு வரைக்கும் போனோம், சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது, இருந்ததாக எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

திரும்பும்போது நாலு மணி இருக்கும், அப்பா நம் தெருவுக்குள் திருப்பினார். பள்ளத்துக் கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பி, நாலு மனையையும் மண் கொட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். வண்டியைப் பின்னால் எடுத்து நம் மனைக்குள் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிர் வீட்டு நீலக் கேட் நம் வாசலுக்கு நேராக இருக்கும், உனக்கே தெரியும், அதை வைத்துப் பழைய அறைகள் எங்கெங்கே என்று கணக்குப் பார்த்தேன். ஏங்க, அடுப்பு படுக்கையறையில வருது, ஒரு ஆறடி பின்னால எடுங்க என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. இன்ஜினைப் போட்டு எடுத்தார். போதுமா என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். இப்ப என்றார். இப்ப சரி என்றேன். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். அவர் மேஜையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து, மூணடி ஒசரத்துல இருக்கோம், அதான் தெரு வேற மாதிரி தெரியுது என்றார். பிறகு தலையை மேஜையில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் போயிருக்க வேண்டும், போகவில்லை, தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து இழுப்பறைகளுக்கு எல்லாம் கொக்கி போட்டேன். அரை மணி கழித்து, போலாமா என்றார். போலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டுக்குப் போகிறோம், தண்ணீர் நன்றாக வருகிறது, நான் பார்த்துவிட்டேன். நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், வந்து பார்க்க இங்கே ஒன்றும் இல்லை. அப்பாவிடம் நீயாக வீட்டுப் பேச்சை எடுக்காதே, வண்டிகளைப் பற்றிச் சொன்னால் முழுக்கக் கேள், நடுவில் போனை வைத்துவிடாதே. உன் அறைச் சுவர்களை ஒரு முறை நன்றாகப் பார், சின்ன விரிசல் இருந்தாலும் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடு. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனைந்து போகாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நாங்கள் இருவரும் இருக்கிறோம், அந்த நினைப்போடு தூங்கு. முக்கியமான ஒன்று, பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்றாயே, அந்தத் தாளில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும், அதை மட்டும் இப்போதைக்கு நிரப்பாதே. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

உன் அம்மா