நடுவில் நின்று நின்று போகிற உன் பாட்டு

மண்ணரை, திருப்பூர்
6.3.2004

அன்பு மகன் ஆசீருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீ ஒசாகாவில் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன் கடிதம் எதிலும் மூன்று வரிக்கு மேல் இல்லை. குளிர் குறையவில்லை, மிஷின் டிரெயினிங் நன்றாகப் போகிறது, சாப்பிட்டேன். இவ்வளவுதான். ரசத்துக்குப் புளி கிடைக்கவில்லை என்பதையே ஒரு பக்கத்துக்கு எழுதுகிற பிள்ளை நீ. அப்பாவுக்கு வேலம்பாளையத்துக் கம்பெனியில் கட்டிங் வேலை ஓய்வில்லாமல் இருக்கிறது, முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டால் கூச்சமாக இருக்கிறதாம், தானே தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேய்க்காமல் தூங்கிவிடுகிறார். நான் அதே செக்கிங் டேபிளில்தான் இருக்கிறேன். பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நான் எதையும் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

நீ பியானோ வாசித்து அனுப்பிய சி.டி.யையும் அப்படித்தான் பார்த்தேன். அதோடு வந்த கடிதம் மட்டும் நீளம், ஆனால் அதில் உன்னைப் பற்றி ஒன்றுமில்லை, எல்லாம் சங்கீதம். ஜாஸ் பியானோவை எழுதிவைத்து வாசிப்பதில்லை, அந்த நேரத்துக்குக் கையில் வருவதுதான் பாட்டு என்கிறாய். ஜப்பான்காரர்கள் மூன்றே வரியில் கவிதை கட்டி, முக்கால்வாசியைச் சொல்லாமல் விடுவார்கள், கேட்கிறவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அம்மா என்கிறாய். சொல்லாமல் விடுவதற்குக் கவிதை என்று பெயர் வைத்துவிட்டால் பெற்றவளிடம் மறைப்பதற்கு என்ன பெயர் ராசா. இன்னொன்றும் எழுதியிருந்தாய், பியானோவில் தப்பாக ஒரு கட்டையைத் தொட்டுவிட்டால் அதையே திரும்ப ஒருதரம் தொட வேண்டும், அது சரியாகிவிடும் என்று. எங்கள் கம்பெனியில் ஒரு தப்பை இரண்டாம் தரம் செய்தால் பீஸோடு சேர்த்து ஆளையும் வெளியே அனுப்புவார்கள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும்போதே நீ கீர்த்தனையில் இல்லாததையெல்லாம் சேர்ப்பாய், சபையார் அடுத்த அடி தெரியாமல் முழிப்பார்கள், உபதேசியார் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொல்லுவார். அப்போதே காதைத் திருகியிருக்க வேண்டும்.

நம்மிடம் சி.டி. போடுகிற பெட்டி இல்லாததால் வீட்டுக்கார வேலாத்தாள் அக்கா வீட்டில் போய்க் கேட்டேன். பியானோ கொஞ்சம் வருகிறது, நிற்கிறது. ஏனம்மிணி, தட்டு கெட்டுப்போச்சாட்ட இருக்குது, நடுவால நடுவால நின்னு நின்னு போகுதே என்று அக்கா சொன்னார்கள். நானும் கீறல் என்று நினைத்து முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்டேன். அதே இடத்தில்தான் நின்றது. அப்புறம்தான் கவனித்தேன், நிற்கிற இடத்திலெல்லாம் மெதுவாக ஒரு பெண்பிள்ளை குரல் வருகிறது. மூன்று வரி சொல்கிறாள், நீ வாசிக்கிறாய், அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே நீ கையை எடுத்து வழி விடுகிறாய். கம்பெனி சிநேகிதர் ஒருத்தர் கவிதை வாசிப்பார் என்று போகிறபோக்கில் எழுதினாயே, அந்தச் சிநேகிதர் இவள்தானா. நான்காவது பாட்டில் அவள் லேசாகச் சிரிக்கிறாள், உன் விரல் தடுமாறுகிறது, உடனே அந்தத் தப்பையே இன்னொரு தரம் வாசிக்கிறாய். அடுத்த நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டு, ஏட்டி, இவன் ஒத்தையில வாசிக்கலட்டி என்றார். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெபத்தில் அப்பா ஒரு அடி பாடி நிறுத்துவார், அடுத்த அடியை நான் எடுப்பேன், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டோம். நான் கோபத்தில் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு மேலே ஓடாது, அப்படியே காத்திருப்பார். சி.டி.யில் நீ காத்திருப்பதும் அதே காத்திருப்புதான். அது புதிதாகப் பழகியவர்களுக்கு வராது, டிரெயினிங்கிலும் சொல்லித்தரமாட்டார்கள். எனக்குச் சந்தேக புத்தி என்று நீ சொல்வாய், இருக்கட்டும்.

லெந்து காலம் முடிந்து ஈஸ்டர் ஆனதும் சாத்தூரிலிருந்து பொன்ராஜ் மாமா பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு கல்யாண நிச்சயம் பேச வருகிறார். மகள் எப்சிபாவை உனக்கென்றே சொல்லி வளர்த்துவிட்டார்கள், நானும் வாய் நிறைய மருமகளே என்று கூப்பிட்டவள்தான். போன வாரம் போனில் அவள், அத்த, அத்தான் லெட்டர் போட்டாகளா என்று மெதுவாகக் கேட்டாள். போட்டான்மா என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிட்டேன். என் அண்ணன் மகள், ஆசீர். வேறொருத்தி குரலுக்குக் காத்திருக்கிறவனுக்கு அவளைக் கட்டிவைத்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். இல்லை, எல்லாம் என் மனப்பிராந்திதான் என்றால் அதையும் சொல்லிவிடு, வெட்கப்பட்டுவிட்டுப் போகிறேன்.

நேற்று மத்தியானம் கரண்ட் போனபோது சும்மா உட்கார்ந்து நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன்.

தெருவில் மிஷினெல்லாம் நின்றுவிட்டது
யாரோ மூச்சு விடுவது கேட்கிறது

மூன்றாவது வரி எனக்கு வராமல் இல்லை, விட்டிருக்கிறேன். கேட்கிறவர்தான் நிரப்ப வேண்டும் என்றாயே, கிறிஸ்துமஸிலிருந்து நிரப்பி நிரப்பி எனக்கு அலுத்துவிட்டது. இதை நீ எழுது. ஒரு பெயர் போதும். ஈஸ்டருக்குள் வராவிட்டால் மாமாவிடம் சரி என்று சொல்லிவிடுவேன், பிறகு என்னைக் குறை சொல்லாதே.

பச்சை மீனைத் தின்னாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. உன்னையும், உன் கூட இருப்பது யாரோ அவர்களையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. நான்காவது பாட்டில் அந்தப் பிள்ளை எதற்குச் சிரித்தது என்று அப்பா கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாய் திறக்காமல் காத்திருக்கும் அம்மா,
அன்னபுஷ்பம்