அலமாரிக்குள் கத்திய பல்லி

செவ்வாய், இரவு

இதை யார் படித்தாலும், தயவுசெய்து அம்மாவிடம் காட்டாதீர்கள்.

ஊர் மாறிப்போன தோழி கொடுத்த லெப்பர்ட் கெக்கோ பல்லியை இங்கே டெக்சாஸ் வீட்டில் என் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இன்று மாலை அதன் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் சூடு தரும் ஹீட் மேட் வைத்தேன். அது பதுங்கிக்கொள்ள ஈரத்துணி போட்ட டப்பாவையும் வைத்தேன். உள்ளே விடுவதற்காகத் தூக்கியதும் கத்திவிட்டது.

தன் இதய ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்று பக்கத்து அறையில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். உடனே செய்துவிட வேண்டும் என்று அம்மா சொன்ன நொடியில்தான் அது கத்தியது.

"கேட்டீங்களா? பல்லியே சொல்லிடுச்சு. டேட் ஃபிக்ஸ் பண்ணுங்க," என்றாள் அம்மா.

"டெக்சாஸ் பல்லிக்குத் தமிழ் புரியுதா?" அப்பா சிரித்தார். ஆனால் சம்மதித்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் கெக்கோவை வெளியே விட்டுவிடுவார்கள். சொல்லாமல் இருந்து ஆபரேஷனில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கெக்கோ ஒன்றும் அம்மா சொன்னது சரியென்று சொல்லவில்லை. பயத்தில்தான் கத்தியது.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குரல்—