எட்டு என்று சொன்னவன்

என் செல்லத் தம்பி டிலானுக்கு,

பக்கத்து அறையில் இருப்பவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? கூப்பிட்டால் போதும், "என்னக்கா, ஓயாத கரைச்சல்" என்று எரிச்சலோடு ஒரு குரல் வரும். இப்போதும் சில வேளை வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிறேன். அம்மா கேட்டும் கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார்.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக, உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் பாய்ந்து திருத்த வராதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சாப்பிடுகிறார், ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. குசினியில் நின்றபடியே இரண்டு வாய், அவ்வளவுதான். அப்பா போனபோது எங்களுக்கு நீ இருந்தாய். நீ போன பிறகு யார் இருக்கிறார்கள்? நான் பார்மசிக்கு வேலைக்குப் போகிறேன், வருகிறேன். உன் கூட்டாளி நிஸ்தாருக்குக் காத்தான்குடியிலேயே கலியாணம் பேசியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தான் எங்கே போகிறேன் என்பதைப் பெண் வீட்டாருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று முழித்துக்கொண்டு திரிகிறான்.

விளங்கப்படுத்துவது லேசா என்ன? வளர்ந்த நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். நீ கதை சொல்வாய். நாங்கள் அந்தக் கதைக்குள் இருக்கிற ஆட்கள். "முன்னால ஒரு கோட்டை. வாசல்ல காவல்காரன். என்ன செய்றாய்?" என்று கேட்பாய். நாங்கள் செய்வதைச் சொல்வோம். கணினி கிடையாது. வாயும், கொழும்பில் இருந்து நீ வாங்கி வந்த, தாயக்கட்டை மாதிரியான இரண்டு இருபது முகக் கட்டைகளும்தான். பெண் பிள்ளை என்பதால் நான் வைத்தியச்சியாகத்தான் வருவேன் என்று நீ, நிஸ்தார், கஜன் மூன்று பேரும் நினைத்திருந்தீர்கள். நான் பூட்டு உடைக்கிற கள்ளியாக வந்து உட்கார்ந்தேன். அம்மா இதை முதலில் சூதாட்டம் என்று நினைத்தார். காசு வைப்பதில்லை என்று தெரிந்ததும் எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

ஒருவன் ஒரு காரியத்தில் இறங்கினால், அது எவ்வளவு கடினம் என்று நீ ஓர் எண் சொல்வாய். லேசான வேலைக்கு எட்டு. பாடுபட வேண்டியதற்குப் பன்னிரண்டு. பைத்தியக்காரத்தனத்துக்குப் பதினெட்டு. பிறகுதான் கட்டையை உருட்டுவது. அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் ஆகும், குறைந்தால் ஆகாது. கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணைச் சொன்னவுடன் நம் விறாந்தையில் சந்தை கூடிவிடும்.

யானைச் சண்டை நினைவிருக்கிறதா? காட்டு யானையைத் தாண்டிப் போக நீ பன்னிரண்டு என்றாய். கஜன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். அவன் வவுணதீவில் வயல் வட்டைக்கு நடுவில், நெல்லோடு நெல்லாக வளர்ந்தவன்.

"டேய், நீ யானையப் படத்தில கண்டிருக்காய். நான் எங்கட வயலுக்க கண்டிருக்கன். பன்னெண்டாம்! பதினெட்டுப் போடு."

"எனக்கிட்ட யானை வெடி இரிக்கி" என்றான் நிஸ்தார்.

"வெடி இருந்தா பதினாறு" என்றாய் நீ.

கஜன் விடவில்லை. "காத்து எந்தப் பக்கம் அடிக்கிது? அதச் சொல்லாம எண் சொல்லாத."

நீ சிரித்துவிட்டாய். காற்று எங்களைப் பார்த்து அடிக்கிறது, எங்கள் மணம் யானைக்குப் போகாது என்று சொல்லி, எண்ணை ஒள்ளுப்பம் குறைத்துப் பதினைந்து ஆக்கினாய். தெரிந்தவன் சொன்னால் எண்ணை மாற்ற உனக்கு வெட்கம் இருந்ததில்லை. உருட்டுவதற்கு முன்னால் எவ்வளவும் வாதாடலாம், உருட்டிய பிறகு வாய் திறக்கக் கூடாது என்பது உன் சட்டம்.

உன் கடைசி ஞாயிறு கஜன் வீட்டில் கழிந்தது. மாரி மழை. எனக்குக் கடையில் வேலை. நிஸ்தார் வானத்தைப் பார்த்துவிட்டு வரவில்லை என்றுவிட்டான். நீங்கள் இரண்டு பேர்தான் பின்னேரம் டவுனுக்குத் திரும்பி வெளிக்கிட்டீர்கள், கஜனுக்கும் டவுனில் ஏதோ அலுவல். ரோட்டுக்கு மேலால் தண்ணீர் போனது, மதகடியில் பைக் சரிந்தது, கஜன் ஒரு வேலிக் கட்டையில் அகப்பட்டுப் பிழைத்தான், உன்னைத் தண்ணீர் கொண்டு போனது. எங்களுக்கு அப்போது தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த நாள் வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்குள் உன்னை எடுத்தார்கள். உன் சேர்ட்டை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

மேசையை மறுபடி போட்டவள் நான்தான். துணிச்சல் என்று நினைக்காதே. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் வீடு என்னைக் கடித்துத் தின்றது. நிஸ்தார் வந்தான். கஜன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்தான். நன்றாக இளைத்திருந்தான். கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் ஓம், இல்லை என்றான்.

கதை சொல்லும் வேலை இப்போது என் தலையில். தண்ணீர் இல்லாத கதையாகப் பார்த்து எடுத்தேன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு தண்ணீர் இல்லாத கதை யோசிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கடைசியில் ஒரு மலையைப் பிடித்தேன். மலையில் ஒரு பிளவு. நிஸ்தாரின் வேட்டைக்காரன் அதைப் பாய்ந்து தாண்டப் போகிறானாம். "என்ன எண் அக்கா?" என்று கேட்டான்.

எனக்கு எண் வரவில்லை. கடையில் நாள் முழுக்க ஆட்களுக்கு மருந்தளவு சொல்கிறவள் நான். ஆனால் அங்கே டொக்டர் எழுதிய துண்டு கையில் இருக்கும். இங்கே என்ன இருக்கிறது? அந்தப் பிளவு எவ்வளவு அகலம், அவன் எவ்வளவு தூரம் பாயக்கூடியவன், எல்லாம் நானாகத்தான் சொல்ல வேண்டும். நீ இதை எப்படியடா இத்தனை காலமும் சிரித்துக்கொண்டு செய்தாய்?

"சின்னப் பள்ளம்தானே, எட்டுப் போடுங்க" என்றான் நிஸ்தார்.

"எட்டு எண்டு சொல்லாத!"

கஜன் கத்திக்கொண்டு மேசையில் அடித்ததில் கட்டை உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"அண்டைக்கு நான்தான் எட்டு எண்டு சொன்னன் அக்கா" என்றான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் மேசையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனான். "தண்ணி ரோட்டுக்கு மேலால போகுது. எங்களுக்கு முன்னால ஒரு உழவு மெசின் தாண்டிப் போயித்து. டிலான் பைக்க நிப்பாட்டிட்டுக் கட்டைய எடுத்தான். 'மச்சான், உன்ட ரோட்டு. எண் சொல்லு' எண்டான். பகிடிக்குத்தான். நான் எட்டு எண்டன். ஒவ்வொரு மாரிக்கும் நாங்க தாண்டுற தண்ணிதானே. பைக் சீற்றில வெச்சு உருட்டினான். பதினேழு விழுந்திச்சு. சிரிச்சித்துப் போனம்."

அம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றதை நான் அப்போதுதான் கண்டேன்.

"எட்டு எண்டா என்ன மகள்?" என்று கேட்டார்.

நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அம்மா இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீ துள்ளிக் குதித்து விளங்கப்படுத்தியிருப்பாய். அந்த வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போனாய். கஜனை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நான் சொன்னேன். எட்டு என்றால் லேசு என்று அர்த்தம் அம்மா. அதற்குக் கூட விழுந்தால் சரி. குறைய விழுந்தால் பிழை.

"இவனுக்கு எவ்வளவு விழுந்த?"

"பதினேழு."

"அது எட்டுக்குக் கூடத்தானே?"

"ஓம் அம்மா."

"அப்ப என்ட பிள்ள வெண்டுதானே இரிக்கான். மறுகா ஏன் செத்தவன்?"

நிஸ்தார் முகத்தை மூடிக்கொண்டான். நீயாவது சொல்லு தம்பி, நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், உண்மையாகவே அறிய விரும்புகிறவர் மாதிரி. பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கஜன் பக்கம் திரும்பினார்.

"மழைக்குள்ள ஏன் மனே அவன விட்டாய்? உங்கட ஊட்ட ஒரு பாய் இல்லயா?"

"இருந்த அன்ரி" என்றான் கஜன். "அம்மா நில்லுங்க எண்டவ. டிலான், விடிஞ்சா வேலை எண்டான். நானும் போவம் எண்டுட்டன்."

அம்மா தேத்தண்ணியை அவன் பக்கம் நகர்த்தி, குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவனும் குடித்தான். அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அவன் கெட்ட பொடியன் இல்ல. ஆனா எனக்கு அவன்ட முகத்தப் பார்க்க ஏலா. இனி இஞ்ச கூப்பிடாத."

பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பின்னேரம் எனக்கும் அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. ஓர் எண்ணை எப்படி அவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்று உள்ளுக்குள் கொதித்தேன். நித்திரை இல்லாமல் புரண்டு புரண்டு யோசித்ததில் கோபம் உன் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு தரம் நான் அரண்மனைப் பூட்டில் கை வைத்தேன். எண்ணைச் சொல்லிவிட்டு, கட்டையை உருட்டப் போன என் கையை நீ பிடித்துக்கொண்டாய். "அக்கா, தவறினா உன்ட விரல் போகும். தெரிஞ்சுதான் உருட்டுறியா?" என்று கேட்டாய். நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். எங்களை ஒரு நாளும் அந்தக் கேள்வி இல்லாமல் நீ உருட்ட விட்டதில்லை. அன்றைக்கு ரோட்டில் ஏனடா அதைக் கேட்கவில்லை? எட்டு என்று அவன் சொன்னது எதற்கு? நனையாமல் போவதற்கா? பைக் நின்றுபோகாமல் இருப்பதற்கா? அவ்வளவுக்கு எட்டு சரியான எண்தான், கஜன் பிழையாகச் சொல்லவில்லை. உயிர் போகும் என்று யாராவது வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அவன் எண் சொல்லியே இருக்க மாட்டான்.

கதையில் பள்ளத்தின் ஆழம் உனக்குத் தெரியும், அதைத் தோண்டியவன் நீ. மதகடியில் மண் கரைந்து போயிருந்தது யாருக்குத் தெரியும்? அந்த ரோட்டால் போய் வந்தே வளர்ந்த அவனுக்கும் தெரியாது. இதை விளங்கிக்கொள்ளாமலா கட்டையை எடுத்தாய்? இவ்வளவு கெட்டிக்காரன், இவ்வளவு மடையனாக இருந்துவிட்டாயே. எனக்கு உன்னோடு சரியான கோபம், தம்பி. இறந்தவனோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள். வேறு யாரோடு நான் கோபிப்பது?

கஜனின் அம்மா போன கிழமை கோல் எடுத்தார். "பிள்ள, விதைப்புக் காலம் வந்துட்டு. இவன் ஒண்டுக்கும் முடிவு சொல்றானில்ல. எந்த வயல முதல்ல உழுறது எண்டு கேட்டா எனக்குத் தெரியா எண்டுறான். எவ்வளவு நெல்லு வேணும் எண்டு கேட்டாலும் தெரியா எண்டுறான். மழை வருமா எண்டு கேட்டா எழும்பிப் போறான்" என்று அழுதார். வானத்தைப் பார்த்து மழை சொல்கிற பிள்ளை அவன். யானைக்கு எண் சொல்லி உன்னோடு மல்லுக்கட்டியவன். இப்போது ஒரு மூட்டை நெல்லுக்குக்கூட அளவு சொல்லப் பயப்படுகிறான்.

உன்னைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை. அவனையும் விட்டுவிட்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

ஆகவே மேசை வவுணதீவுக்குப் போகிறது. அம்மாவின் சொல்லை மீறி அவனை இங்கே கூப்பிட மாட்டேன், நாங்கள் அங்கே போகிறோம். கதை சொல்லப் போவதும் நானில்லை, அவன்தான். மாட்டேன் என்பான், சண்டை பிடிப்பேன். சின்னச் சின்னக் காரியங்களில் தொடங்குவோம். மரம் ஏறுவது, கதவு திறப்பது. அவன் எண் சொல்லும் வரைக்கும் நானும் நிஸ்தாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எண்ணோடு சேர்த்து, தவறினால் என்ன என்பதையும் அவன் வாயாலேயே சொல்ல வைப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "மாரி வருது" என்று மட்டும் சொன்னார். எனக்கு விளங்கியது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ரோட்டில் தண்ணீர் ஏறினால் நான் யாரிடமும் எண் கேட்க மாட்டேன். விடிந்தால் எனக்கும் வேலை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கஜனின் அம்மாவிடம் ஒரு பாய் கேட்டு வாங்கிப் படுத்துக்கொள்வேன். தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வருவேன், அம்மா வாசலில் நிற்பார்.

உன்னோடு கோபம் தீராமலே உன்னைத் தேடிக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
மரீனா