அசலுக்கு ஏற்ற மூக்குக்கண்ணாடி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம் என்று எழுத ஆசைதான், நீ விட்டால்தானே! பிரதி எடுப்பதற்காக நீ கொண்டுபோன அம்மாவின் வெண்கலத் தலை நேற்று வந்தது. துடைத்து, வழக்கம்போல அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டினேன். மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி பொருந்த வேண்டும் என்றே அப்பா அளந்து அளந்து செய்த தலை அது. சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்தால் வெண்கலம் ஆறும்போது சுருங்கும், பிரதி ஒரு மயிரிழை சிறுக்கும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். எனக்கு எதை அனுப்பியிருக்கிறாய்?

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருபது வருஷத்துக் கண்ணாடி. காம்பு தளர்ந்திருக்கும். வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவனுக்கே பாடம் எடுக்காதே. அசலின் அடியில் என் கையாலேயே சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் காம்பை முறுக்கச் சொல்.

உன் தம்பி

ஜூன் 14

தம்பி,

கண்ணாடிக் கடைக்காரர், "காம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தலையை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து அளந்தேன். அப்பாவின் நோட்டில் காதுக்குக் காது பதினாறு சென்டிமீட்டர். இங்கே இருப்பதில் இரண்டரை மில்லிமீட்டர் குறைகிறது. போதுமா? சாக்பீஸ் குறியாம்! மெருகு போடும் முன் எல்லாவற்றையும் கழுவுவீர்களே, அப்போது குறி உனக்காகக் காத்துக்கொண்டிருந்ததா? உன்னிடம் இருப்பதை அனுப்பு. காலையில் அந்த முகத்தைப் பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அக்கா

ஜூன் 20

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. என்னிடம் இருப்பதையும் அளந்தேன். அதுவும் அதே குறைச்சல். நான் வார்த்தது இரண்டு: ஒன்று எனக்கு, ஒன்று அம்மா வேலை பார்த்த பள்ளிக்கு. குறி கழுவிப் போனது உண்மைதான். என் புத்தியைச் செருப்பால் அடி. போன மாதமே அசல் பள்ளி வாசலில் ஏறிவிட்டது. தலைமையாசிரியை, "தாராளமா மாத்திக்கோங்க" என்கிறார். போனேன். உள்ளே நுழைகிற பிள்ளையெல்லாம் அதன் காதைத் திருகிவிட்டுத்தான் போகிறது; அதற்குள் காது மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. தாமதமாக வந்தவர்களின் காதை அம்மா திருகியதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக! எனக்குக் கழற்ற மனம் வரவில்லை. நீயே போய் எடுத்துக்கொள்.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

வேனும் ஆளுமாகப் போனேன். கண்ணாடியை மாட்டினேன். அசையாமல் உட்கார்ந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். காதைத் திருகப் போனவள் கண்ணாடியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, "மிஸ், இனிமே லேட்டா வரமாட்டேன்" என்று சிலையிடம் சொன்னாள்.

நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கதைதானே? பள்ளிக்கு முழு அம்மா, வீட்டுக்கு மிச்ச அம்மா. அன்றைக்கும் எனக்குக் கோபம்தான், இன்றைக்கும் கோபம்தான். வேனை வெறுமனே திருப்பி அனுப்பினேன்.

கண்ணாடியை மட்டும் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அது எனக்கு. அதற்கும் பிரதி எடுக்கிறேன் என்று பட்டறைப் பக்கமிருந்து யாராவது வந்தால் காலை ஒடிப்பேன்.

அக்கா