எய்விண்ட் வீட்டுச் சுவரில் 1,344 தையல்

2019 ஜனவரி 14, மாலை 5.40. குறுக்குத் தையல்கள் மொத்தம் 1,344.

அன்புள்ள சுன்னிவா, நலமா? இருமல் விட்டதா? பக்கத்து வீட்டு எய்விண்ட் நம் வாசல் பனியை அள்ளுகிறான் என்பதற்காக அவனுக்கு நீ துணியில் தைத்துக் கொடுத்த காபிக் கெண்டிப் படம் அவன் சுவரில் தொங்குவதை, நீ அனுப்பிய புகைப்படத்தில் பெரிதாக்கி எண்ணினேன். நடுக்கடலில் இந்த எண்ணெய்க் கிணற்று மேடையில் என் அறைத்தோழன் தூர்மோட் சிரித்தான்: "டேய், தையலையாடா எண்ணுற? வயிறு எரியுதுன்னு எழுதிட்டுப் போயேன்!"

எரிகிறதுதான். எனக்கென்று போன வசந்தத்தில் தைக்கத் தொடங்கிய கடற்பறவைக்கு இன்னும் கண்கூட வைக்கவில்லை நீ. பரவாயில்லை, அப்படியே அனுப்பு. கட்டிலுக்கு மேல் இடம் ஒதுக்கியிருக்கிறேன். கம்பளிக் காலுறையும் வேண்டும்.

தபாலுக்கு ஹெலிகாப்டர் காத்திருக்கிறது. உன் ஸ்தைனார், வீடு வந்ததும் செய்யப்போவது:

1. நம் வாசல் பனியை அள்ளுவேன்.
2. எய்விண்ட் வாசலையும் அள்ளுவேன். அவனுக்கு நன்றி சொல்ல உனக்கு எதுவும் மிஞ்சக்கூடாது.
3. பறவையைத் திரும்பக் கொண்டுவந்து உன் மடியில் வைத்துவிட்டு, நீ கண் தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.